டோல்மாவுக்குத் தமிழ் தெரியாது

உங்களுக்குத் தமிழ் தெரியுமாக்கா?

சிரிக்கிறீங்க. அப்ப தெரியாது. நல்லதாப் போச்சு.

மூட்டை என் கால் மேலயே இருக்கட்டும், பரவாயில்லை. ஸ்வெட்டர்தானே, கதகதன்னு இருக்கு. நீங்க வத்தலகுண்டுல ஏறினதுமே நெனச்சேன், கொடைக்கானல்ல கடை போடப் போறீங்கன்னு. நீங்களும் என் மூஞ்சியைப் பார்த்துட்டு உங்க பாஷையில என்னமோ கேட்டீங்க. எனக்கு ஒண்ணும் புரியலைக்கா. மூஞ்சி மட்டும்தான் அப்படி. கண்டக்டர் உங்ககிட்ட இந்தியில கேட்டார், நீங்க விரலைக் காட்டினீங்க. என்கிட்டயும் அதே இந்தி. நான் "ஊத்து"ன்னு மட்டும் சொன்னேன். ஊர்ப் பேர்தானே, எந்த பாஷைக்காரியும் சொல்லலாம். நம்ம ரெண்டு பேரையும் அக்கா தங்கச்சின்னு நெனச்சிருப்பார்.

மெதுவாத்தான் பேசுவேன். இந்த எஞ்சின் சத்தத்துல முன்சீட்டுக்குக் கேக்காது. கேட்டா எனக்குத்தான் ஆபத்து.

விஷயம் என்னன்னா, ஊத்து ஸ்டாப் வரைக்கும்தான் எனக்கு வாய். அங்க எறங்கினதுக்கப்புறம் அடுத்த வருஷ சீசன் முடியற வரைக்கும் நான் பேசக்கூடாது. யார்கிட்டயும், எந்த பாஷையிலயும். அதான் இப்பவே பேசிடலாம்னு. வீட்ல இருந்த நாள்ல பேசியிருக்கலாம். ஆனா அம்மா என்னைப் பேச விட்டாத்தானே.

என் பேர் கஸ்தூரி. வேலை பாக்குற இடத்துல டோல்மா. எங்க முதலாளி மேடம் வச்ச பேர். உங்க பேரே டோல்மாவா இருந்தாலும் இருக்கும், கோவிச்சுக்காதீங்க.

எங்க தாத்தா நேபாளத்துலேர்ந்து எஸ்டேட் காவலுக்கு வந்தவர். எங்கப்பா பொறந்தது பண்ணைக்காட்டுல. அப்பாவுக்கு நேபாளி நாலு வார்த்தை தெரியும், நாலும் நாயை விரட்டுறதுக்கு. எங்கம்மாவுக்குப் பட்டிவீரன்பட்டி, காப்பிக்கொட்டை பொறுக்குற ஷெட்ல வேலை. அம்மா பேச ஆரம்பிச்சா ஷெட்டுல மிஷின் சத்தம் கேக்காதுன்னு சொல்வாங்க. அம்மாவோட வாய் எனக்கு வரலை. அப்பாவோட மூஞ்சி வந்துருச்சு.

இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வத்தலகுண்டுல படிக்கிறது எப்படின்னு உங்களுக்குச் சொல்லணுமா. ஸ்கூல்ல சைனாக்காரி. காலேஜ்ல கொஞ்சம் மரியாதை, மணிப்பூரான்னு கேட்டாங்க. திண்டுக்கல்ல விலங்கியல் படிச்சேன். மூணு வருஷமும் ஜன்னலோரம் கடைசி பெஞ்சு. நான் யார்கிட்டயும் போய்ப் பேசினதில்லை. பேசினா அடுத்த கேள்வி அதான்: நீ எந்த ஊரு? வத்தலகுண்டுன்னு சொன்னா, இல்ல, சொந்த ஊரு எதுன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் தாத்தாவுலேர்ந்து ஆரம்பிக்கணும். அதுக்குப் பேசாமலே இருக்கலாம். பேசாம இருக்கிறவங்க நெறைய பாப்பாங்கக்கா. யார் செருப்பு எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு, யார் பொய் சொல்றப்ப மூக்கைத் தொடுறாங்க, எல்லாம் எனக்குத் தெரியும்.

முதல்ல மதுரையில ஒரு துணிக்கடை. வர்றவங்க எல்லாரும் என்கிட்ட தப்புத்தப்பா இந்தி பேசுவாங்க. நான் தமிழ்ல பதில் சொன்னா, பரவாயில்லையே, நல்லாக் கத்துக்கிட்டியேம்பாங்க. கடைசியில சூப்பர்வைசர் என்னைச் சால்வை செக்‌ஷனுக்கு மாத்தினார். அங்கதான் பொருத்தமா இருக்குமாம். மதுரையில யாருக்கா சால்வை வாங்குறா.

அப்பதான் இந்த வேலை வந்துச்சு. ஊத்துலேர்ந்து ஜீப்புல கீழ எறங்கினா ஒரு பழைய எஸ்டேட் பங்களா. அதைத்தான் சென்டர்னு சொல்றோம். மேடம் பேர் பத்மஜா, சென்னைக்காரங்க. தியானம், யோகா, மூலிகை டீ, எல்லாம் உண்டு. ஆனா பெருசு அந்தக் கிண்ணம்தான். உங்க திபெத்துக் கிண்ணம். உங்களுக்குத் தெரியாததா. படுக்க வச்சு, கண்ணைத் துணியால கட்டி, காலடியில ஒண்ணு, வயித்து மேல ஒண்ணு, தலைமாட்டுல பெருசா ஒண்ணு. துணி சுத்தின கட்டையால தட்டினா ஒரு சத்தம். மரக்குச்சியை விளிம்புல ஒட்டிச் சுத்திக்கிட்டே இருந்தா வேற சத்தம், அது எங்கேயோ தூரத்துலேர்ந்து ஆரம்பிச்சு மெதுவா ரூமெல்லாம் நிறையும். தட்டுறது வேற, சுத்துறது வேற. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

எங்கம்மா ஒரே ஒரு தடவை வந்து பார்த்துட்டு, வெண்கலக் கும்பாவைத் தட்டுறதுக்கா இத்தனை பேரு கார் போட்டு வர்றாங்கன்னு கேட்டுச்சு. நல்லவேளை மேடம் அப்ப இல்லை.

மேடம் என்னைப் பார்த்த அன்னைக்கு ரொம்ப நேரம் என் மூஞ்சியையே பார்த்தாங்க. அப்புறம், "பேசாம இருக்க முடியுமா?"ன்னு கேட்டாங்க.

என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதே இல்லைக்கா. எல்லாரும் கொஞ்சம் பேசேன்னுதான் சொல்வாங்க. முடியும் மேடம்னேன்.

"இனிமே அதையும் சொல்லாதே"ன்னாங்க.

அவங்க கண்டுபிடிச்சதுதான் ரிலீஸ் செஷன். மனசுல இருக்கிறதை யார்கிட்டயாவது சொல்லணும். தெரிஞ்சவங்ககிட்ட சொன்னா வெளிய போயிடும். டாக்டர்கிட்ட சொன்னா பைத்தியம்பாங்க. அதனால பாஷை புரியாத ஒருத்திகிட்ட சொல்லுங்க. இவ டோல்மா, திபெத்துப் பொண்ணு, இவளுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. படுத்துக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிடுங்க. முடிஞ்சதும் கையைத் தூக்குங்க. டோல்மா பெரிய கிண்ணத்தைத் தட்டுவா. அந்தச் சத்தம் அடங்குறப்ப நீங்க சொன்னதும் அதோட போயிடும். சத்தம் முழுசா அடங்குற வரைக்கும் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. அப்புறம் இஞ்சி டீ.

எவ்வளவு கூட்டம் தெரியுமா. கரூர், ஈரோடு, மதுரை, காரைக்குடி.

பொய்தான். ஆனா மேடம் சொல்ற மாதிரி, அதனால யாருக்கு நஷ்டம்? அவங்க இறக்கி வச்சுட்டுப் போறாங்க. நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை.

புரியாத மாதிரி இருக்கிறது சாதாரண வேலை இல்லைக்கா. காது புரிஞ்சுக்கிட்டா கண்ணு காட்டிக் கொடுத்துடும். அதுக்கே மேடம் பயிற்சி வச்சாங்க. சமையல் பாண்டி அண்ணன் நான் கிண்ணம் துடைக்கிறப்ப பின்னாடி வந்து, கஸ்தூரி தலையில பல்லி, கஸ்தூரி காலடியில பாம்புன்னு சொல்வார். முதல் வாரம் முழுக்கக் குதிச்சேன். அப்புறம் ஒரு நாள் குதிக்கலை. அன்னைக்கு உண்மையிலேயே பல்லி. பாண்டி அண்ணன்தான் அலறிட்டார்.

என்ன சிரிக்கிறீங்க? ஓ, பஸ் வளைவுல சாஞ்சதுக்கா. கம்பியைப் பிடிச்சுக்கோங்க.

நல்லாவே பழகிட்டேன். ஒரு தடவை ஜீப் ரிவர்ஸ்ல வந்துச்சு. டிரைவர் வேலுமணி அண்ணன், ஏ புள்ள தள்ளு தள்ளுன்னு கத்தறார். வாசல்ல கெஸ்ட் நிக்கிறாங்க. நான் திரும்பலை. கால் விரல் மேல டயர் ஏறிடுச்சு. நகம் இப்பவும் கறுப்பாத்தான் இருக்கு. மேடம் எல்லார் முன்னாடியும் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. எங்கம்மாகூட அப்படிக் கட்டிப் பிடிச்சதில்லை.

மேடம் நல்லவங்க. நீங்க தப்பா நெனச்சுக்கக்கூடாது. என் சர்டிபிகேட் எல்லாம் அவங்க பீரோவுலதான் இருக்கு, பத்திரமா. போனையும் ஆபீஸ்ல வாங்கி வச்சுக்கிட்டாங்க. அந்தப் பள்ளத்துல சிக்னலே கிடைக்காது, எதுக்குச் சுமந்துக்கிட்டுன்னு.

என்னென்ன கேட்டிருக்கேன் தெரியுமா. ஒரு ஹெட்மாஸ்டர், ரிடையர்டு, ஒரு வருஷம் பேப்பரே திருத்தாம எல்லாருக்கும் மார்க் போட்டாராம். ஒரு புதுப்பொண்ணு, புருஷன் சிரிக்கிறது பிடிக்கலையாம், வாழ்க்கை பூரா எப்படிக் கேக்குறதுன்னு அழுதா. அதெல்லாம் பரவாயில்லை. ஒரு அம்மா, நாத்தனார் சங்கிலியைத் தானே எடுத்து வச்சுக்கிட்டு வேலைக்காரி மேல பழியைப் போட்டு அனுப்பிட்டாங்க. வேலைக்காரி பேரையும் சொன்னாங்க. சொல்லிட்டு டீ குடிச்சுட்டு, முகமெல்லாம் தெளிவா, மேடம்கிட்ட ரொம்ப லேசா இருக்குன்னு சொல்லிட்டுக் கார் ஏறினாங்க. அவங்களுக்கு லேசு. அந்த வேலைக்காரி பேரு எனக்குள்ளதான் இருக்கு. கிண்ணத்தைத் தட்டினா எங்கேயும் போகலை.

டம்டம் பாறை தாண்டிருச்சு. அதோ பாருங்க, அந்தப் பக்கம் அருவி, வெள்ளை நூல் மாதிரி. இன்னும் கொஞ்ச நேரம்தான் ஊத்துக்கு. வேகமாச் சொல்லிடறேன்.

ஆயுத பூஜை லீவுல ஒரு அக்கா வந்தாங்க. பேர் செந்தாமரை. கரூர். அவங்க அம்மா கூட்டிட்டு வந்தாங்க, கையில பிளாஸ்க்கு, கழுத்து நிறைய நகை. பொண்ணுக்கு மனசு சரியில்லை, மனசு ஆறட்டும், ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்ல கொண்டு போய் விட்டுடறோம்னு மேடம்கிட்ட சொன்னாங்க. பொண்ணு பக்கத்துலதான் நின்னுச்சு, எங்கயோ பார்த்துக்கிட்டு.

முதல் நாள் செந்தாமரை அக்கா ஒண்ணுமே சொல்லலை. நான் என் வேலையைப் பார்த்தேன். அப்ப ஒண்ணு கவனிச்சேன். கிண்ணத்தைத் தட்டினா அவங்க கால் விரலெல்லாம் உள்ள மடங்குது. ரெண்டு காலும். தொட்டாச்சிணுங்கி மாதிரி. சுத்தினா ஒண்ணும் ஆகலை. தட்டினா மடங்குது. நல்லா ஓய்வெடுக்கத்தான் எல்லாரும் வர்றாங்க, இவங்க என்ன இப்படின்னு இருந்துச்சு.

அடுத்த நாள் காரணம் தெரிஞ்சுது.

அவங்க வீட்டுக்காரர் அவங்ககூடப் பேசமாட்டாராம். சண்டை போட்டு நாலு நாள் பேசாம இருக்கிறது இல்லை. பேசுறதே இல்லை. கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு அப்புறம் நின்னுபோச்சாம். ஏதாவது வேணும்னா எவர்சில்வர் டம்ளரை மேஜையில தட்டுவாராம். ஒரு தட்டு தட்டினா தண்ணி. ரெண்டு தட்டினா காப்பி. தட்டிக்கிட்டே இருந்தா, வந்து என்னன்னு கண்டுபிடின்னு அர்த்தம். விருந்தாளி வந்தா நல்லாப் பேசுவாராம், சிரிப்பாராம். அவங்க போன உடனே டம்ளர்.

வீட்ல சொன்னா, அடிக்கிறாரா? இல்லை. குடிக்கிறாரா? இல்லை. வேற பொம்பளை? இல்லை. அப்புறம் என்னடி உனக்கு, நிம்மதியா சத்தமில்லாத வீடுன்னு அவங்க அண்ணன் சொன்னாராம்.

என்னக்கா, உச்சுக் கொட்டுறீங்க? குமட்டுதா? இந்தாங்க எலுமிச்சம்பழம். மோந்து பார்த்துக்கிட்டே வாங்க, இன்னும் வளைவு இருக்கு.

மூணாவது நாள் நான் தட்டவே இல்லை. சுத்திக்கிட்டே இருந்தேன், கை வலிக்க வலிக்க. அவங்க மெதுவாப் பேசினாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அம்மா புடவை எல்லாம் எடுத்து வச்சுட்டாங்க. நான் யார்கிட்டயும் பெருசா ஒண்ணும் கேக்கலை. எனக்காக யாரும் சண்டை போட வேணாம், கோர்ட்டுக்குப் போக வேணாம். ஒரே ஒருத்தர், யாரோ ஒருத்தர், "போகாதே"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் போகமாட்டேன். எல்லாரும் போ போன்னுதான் சொல்றாங்க. அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. அப்படின்னு சொல்லிட்டுக் கையைத் தூக்கிட்டாங்க.

கையைத் தூக்கினா நான் பெரிய கிண்ணத்தைத் தட்டணும். அதான் ரூல். அதைச் சுத்தி முடிக்க முடியாது, தட்டித்தான் முடிக்கணும். கட்டையை எடுத்தேன். அவங்க கால் விரலைப் பார்த்தேன். நான் இன்னும் தட்டவே இல்லைக்கா. அதுக்குள்ள மடங்கிக்கிட்டு நிக்குது, பத்து விரலும்.

கட்டையைக் கீழ வச்சேன்.

"போகாதீங்க"ன்னேன்.

நான் சொல்லணும்னு நெனச்சுச் சொல்லலை. பல்லி விழுந்தப்பக்கூட அசையாதவ நான். எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியலை. அந்த ரூம்ல ஒரு நாளும் பேசாததால என் குரலே எனக்கு வேற யாரோ மாதிரி இருந்துச்சு.

அவங்க கண்ணுல கட்டியிருந்த துணியைப் பிச்சு எடுத்தாங்க. எழுந்து உக்காந்தாங்க. வயித்து மேல இருந்த கிண்ணம் உருண்டு போய்ச் சுவத்துல மோதி நின்னுச்சு.

"உனக்குத் தமிழ் தெரியுமா?"

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"எல்லாத்தையும் கேட்டியா? முதல்லேர்ந்தா?"

என்ன சொல்றது. முதல்லேர்ந்துதான்.

கத்தலை அவங்க. அழவும் இல்லை. சீ, நீயும் மனுஷியான்னு கேட்டாங்க. என்னைத் துணியில்லாம நிக்க வச்சு வேடிக்கை பார்த்திருக்கியேன்னு சொன்னாங்க. அதுதான் இன்னும் காதுலயே இருக்கு. அவங்க கேட்டது ஒரு வார்த்தை. நான் சொன்னது அதே வார்த்தை. அதுக்கு எப்படிக் கோவம் வரும்? நான் இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டாங்க. மேடம் அப்படியே சமாளிச்சாங்க பாருங்க. டோல்மாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும், நாய்க்குட்டியை "போகாதே போகாதே"ன்னு நாங்க கூப்பிடறதைக் கேட்டுக் கத்துக்கிட்டா, கிளி மாதிரின்னாங்க. செந்தாமரை அக்கா நம்பலை. அவங்க அம்மாவுக்கு வேற கவலை. என்னைத் தனியாப் பிடிச்சு, எம்பொண்ணு என்ன சொன்னா, சொல்லு கண்ணு, மாப்பிள்ளையைப் பத்தி ஏதாவது சொன்னாளான்னு கெஞ்சறாங்க. நான் அவங்க வாயையே பார்த்துக்கிட்டு நின்னேன், புரியாத மாதிரி. அன்னைக்கு அந்த மூஞ்சி எனக்கு உபயோகமாத்தான் இருந்துச்சு.

கார் கிளம்பறப்ப செந்தாமரை அக்கா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாங்க. பார்த்துக்கிட்டே இருந்தாங்க. கோவம் தீரலை.

அதோட விட்டாங்களா? ஆபீஸ் லேண்ட்லைனுக்கு போன் மேல போன். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு நிமிஷம் பேசணும், ஒரே நிமிஷம்னு. மேடம் என்னைக் கிட்டவே விடலை. கேஸ் போடப் போறா, உன்னைப் பேச வச்சுப் பதிவு பண்ணப் பாக்குறா, நான் இருக்கேன், நீ பயப்படாதேன்னாங்க. அப்புறம் ஒரு பார்சல் வந்துச்சு, டோல்மா பேருக்கு. மேடம்தான் பிரிச்சாங்க. பார்த்தியா, மிரட்டறாங்கன்னு என்கிட்ட குடுத்தாங்க.

இருங்க, பையிலதான் இருக்கு. இந்தாங்க, நீங்களே பாருங்க.

எவர்சில்வர் டம்ளர். எப்படி நசுக்கி இருக்காங்க பாருங்க. அம்மிக் குழவியை வச்சு அடிச்சாத்தான் இப்படித் தட்டையாகும். உள்ள ஒரு கடுதாசி இல்லை, ஒண்ணும் இல்லை. எவ்வளவு ஆத்திரம் இருந்தா ஒரு மனுஷி இதை உக்காந்து இப்படிச் சப்பளிச்சுத் தபால்ல அனுப்புவா. அந்தப் பார்சல் அட்டையை ஏன் திருப்பிப் பாக்குறீங்க? அது அனுப்புனவங்க விலாசம். கரூர் இல்லை, கோயமுத்தூர்ல ஏதோ வேலை பாக்குற பெண்கள் ஹாஸ்டல். தெரிஞ்சவங்க யார் மூலமாவது அனுப்பியிருப்பாங்க. ஏன் வச்சிருக்கேன்னு கேட்டா எனக்கே தெரியலை. தூக்கிப் போட மனசு வரலை.

மேடம்தான் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கொஞ்ச நாள் வீட்டுக்குப் போய் இரு, சூடு ஆறட்டும். திரும்பி வந்ததும் நீ மௌன விரதம். அப்ப யாரும் உன் வாயைக் கிளற முடியாது. டோல்மா மௌனத்தில் இருக்கிறார்னு போட்டோ போட்டு போர்டே அடிச்சாச்சாம். கெஸ்ட்கிட்ட மட்டும் இல்லை, பாண்டி அண்ணன், வேலுமணி அண்ணன், யார்கிட்டயும் பேச்சு இல்லை. அவங்களும் என்கிட்ட பேசக்கூடாது. ஸ்லேட்டுல எழுதிக் காட்டவான்னு கேட்டேன். எழுதினா எந்த பாஷையில எழுதுவேன்னு மேடம் கேட்டாங்க. அதுவும் சரிதான். ஏதாவது வேணும்னா சின்னக் கிண்ணத்தை ஒரு தட்டு தட்டு, பாண்டி வந்து பார்ப்பான்னாங்க.

என்னவோ போல இருந்துச்சு அதைக் கேட்டப்ப. ஏன்னு தெரியலை.

வீட்ல இருக்க முடியலைக்கா. அம்மா பின்னாடியிலேர்ந்து, கஸ்தூரி பால் பொங்குது, அடுப்பை அணைன்னு கத்துது. எனக்குக் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. ஆனா திரும்பலை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, நான் கஸ்தூரின்னு. அம்மா தலையில ஒரு குட்டு வச்சுட்டு, செவிடாப் போயிட்டியாடின்னு கேட்டுச்சு. அப்பா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். காலையில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். பஸ் நகர்ற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நின்னார், ஏதோ சொல்ல வர்ற மாதிரி. சொல்லலை. அவர்கிட்டேர்ந்துதானே எனக்கு வந்தது.

வேற எங்கக்கா போறது நான்? இந்த உலகத்துல அந்த ஒரு இடத்துலதான் யாரும் என்னைப் பார்த்து நீ எந்த ஊருன்னு கேக்கமாட்டாங்க. கேட்டாலும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. மேடம் என் நல்லதுக்குத்தான் செய்யறாங்க. பேசாம இருக்கிறது எனக்கு என்ன புதுசா. பழகினதுதான். சீசன் வந்துட்டுப் போயிடும், அவ்வளவுதான்.

அதோ, டீக்கடை தெரியுது. ஊத்து. ஜீப் நிக்குது பாருங்க, வேலுமணி அண்ணன் பானெட் மேல சாஞ்சுக்கிட்டு.

சரிக்கா. மூட்டையை எடுத்துக்கோங்க. டம்ளரைக் குடுங்க. உங்ககிட்ட பேசினது எனக்கு ரொம்ப லேசா இருக்கு. நிஜமாவே லேசா இருக்கு. வர்றேன்.

கையை விடுங்கக்கா, எறங்கணும்.

என்ன?

என்ன சொன்னீங்க?

எறங்காதேன்னா சொன்னீங்க? இப்ப, தமிழ்லயா சொன்னீங்க?

உங்களுக்குத் தமிழ் தெரியுமா? எல்லாத்தையும் கேட்டீங்களா? முதல்லேர்ந்தா?

திண்டுக்கல்லயா? மார்க்கெட் பக்கத்துல கடையா, நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்தா? அப்புறம் ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க? சிரிச்சீங்களே. நான் தமிழ் தெரியுமான்னு கேட்டேன், சிரிச்சீங்க. அப்படிக் கேக்குறவங்க எல்லாம் அடுத்தது பேரம் பேசுவாங்களா? நான் எங்கக்கா பேரம் பேசினேன்? என் அப்பா, அம்மா, கால் நகம், எல்லாத்தையும் சொல்லிட்டேனே. எலுமிச்சம்பழம் வேற குடுத்தேன். நீங்களும் ஒரு மனுஷியா?

அந்தக் கிண்ணத்தையே உங்க வீட்ல பார்த்ததில்லையா? அது எனக்கு எதுக்கு இப்ப.

கண்டக்டர் கத்தறார், கையைக் காட்டறேன் அவருக்கு. ஒரு நிமிஷம்.

டம்ளரைக் குடுங்க முதல்ல. என்னது? கோவத்துல அனுப்புறவங்க விலாசம் எழுதமாட்டாங்களா? ஹாஸ்டல்னா, அவங்களே அங்க இருக்காங்கன்னா... அது எப்படி. மேடம் சொன்னாங்களே. மேடம் அதைப் பிரிச்சு, பார்த்துட்டுத்தானே...

அட்டையைக் காட்டுங்க. செந்தாமரைன்னுதான் போட்டிருக்கு. அவங்க பேருதான். அவங்களே எழுதியிருக்காங்க.

போகலையா அவங்க?

சிரிக்காதீங்க. நான் உங்கமேல கோவமா இருக்கேன். ஒருத்தி நம்பிச் சொல்றான்னு கேட்டுக்கிட்டே வந்துட்டு, கடைசியில கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொன்னா ஆச்சா? உங்களுக்கு என்ன, நீங்க ஸ்வெட்டர் விக்கப் போயிடுவீங்க. என் சர்டிபிகேட்டுக்கு யார் போறது? நீங்களா? கூட வருவீங்களா? வாயால சொல்லிடலாம்.

விசில் அடிச்சிட்டாங்க. பாருங்க, உங்களோட சண்டை போட்டுக்கிட்டு எறங்காம விட்டுட்டேன். வேலுமணி அண்ணன் பஸ்ஸையே பார்த்துக்கிட்டு நிக்கிறார். கூப்பிடறார். டோல்மா, டோல்மான்னு.

நான் திரும்பலை.

உங்ககிட்ட இனிமே ஒரு வார்த்தை பேசமாட்டேன். அடுத்த ஸ்டாப் பெருமாள்மலை, அது வர்ற வரைக்கும் பேசமாட்டேன். தள்ளி உக்காருங்க. மூட்டையை வேணா என் கால் மேல வைங்க, அது வேற.

அண்ணே. கண்டக்டர் அண்ணே. இங்க, பின்னாடி. பெருமாள்மலைக்கு ஒரு டிக்கெட் குடுங்க.

ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க? தமிழ்லதானே கேட்டேன்.